ஏற்றியவர் இறக்கக் கூடாது

எந்த வயதிலும் கடல் ஒருவருக்குக் குருவைக் கொண்டுவந்து நிறுத்தும். கஸ்பார் தண்டலுக்கு வாய்த்த குரு, அவர் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள்.

பெயர் பெனிட்டா. தூத்துக்குடியில் ஓர் உப்பள முதலாளி வாங்கி நிறுத்தியிருந்த 'ஸ்டெல்லா' என்ற சொகுசு மோட்டார் படகுக்கு அவள் கேப்டன். முதலாளிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. துறைமுகத்து வாயைத் தாண்டினால் குமட்டும். படகை வாங்கிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. அதனால் ஸ்டெல்லா பெரும்பாலும் அவருடைய விருந்தாளிகளையே சுமந்தது. விருந்தாளி இல்லாத நாட்களில் சும்மா கிடந்தது.

கஸ்பார் தோணியில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். ஆனால் சரக்கேற்றி மாலத்தீவுக்குப் போன தோணி எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனைவி போய்ச் சேர்ந்து, மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் பேசும் நேரமும் வந்ததும், பொழுது சாய்ந்தால் வீடு திரும்பும் வேலையாகப் பார்த்து ஸ்டெல்லாவில் பெனிட்டாவுக்குக் கீழே கையாளாகச் சேர்ந்தார். தண்டல் மீசையையும் தண்டல் குரலையும் மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

ஜெசிந்தாவுக்குச் சிலுவைத்துறையில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் வள்ளக்காரர்கள். நிச்சயத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் வைத்து யாரோ, "தண்டல் இப்ப முதலாளி வீட்டுக் கப்பல்ல என்ன வேலை பாக்குதாரு?" என்று கேட்டார்கள். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கஸ்பாருக்கு மீசை துடித்துவிட்டது.

"எம்மவள நான் ரோட்டு வழியா கூட்டிட்டு வர மாட்டேன்" என்றார். "கடல் வழியா கொண்டுவருவேன். வீல்ல நின்னு நானே ஓட்டிட்டு வருவேன்."

பந்தி முழுக்கக் கேட்டது. முதலாளியிடம் போய்ப் படகைக் கேட்டார். "தாராளமா கொண்டு போங்க. நமக்குத்தான் கொடுத்து வைக்கல, அது நாலு நல்ல காரியத்துக்காவது உதவட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய ஆள் இன்னும் ஒருவர் பாக்கி என்பது அதற்குப் பிறகுதான் கஸ்பாருக்கு நினைவு வந்தது.

"கேப்டன், ஒரு சேதி" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "கல்யாணத்தன்னைக்கு வீல்ல நான் நிக்கப் போறதா சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும்."

"எங்கிட்ட சொல்லலையே."

"அதான் இப்ப சொல்லுதேன்லா."

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"டிங்கிய ஒருதடவை சரியா ஏத்துங்க அண்ணே. ஏத்திட்டீங்கன்னா வீல் உங்களுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டிங்கி என்பது ஸ்டெல்லாவின் முதுகில் ஏறி வரும் குட்டிப் படகு. பெரிய படகு போக முடியாத ஆழங்குறைந்த கரைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுவரும். பின்பக்கம் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். வேலை முடிந்ததும் அதைக் கிரேனில் தூக்கி, மேல்தட்டில் இரண்டு மரத் தாங்கிகளின் மேல் உட்காரவைத்து, பட்டை போட்டு இறுக்க வேண்டும். அடியில் ஒரு தக்கை உண்டு. மேலே ஏற்றியதும் அந்தத் தக்கையைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் உள்ளே நின்றுவிடும். இறக்கும்போது மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். தோணியில் மலை மலையாகச் சரக்குக் கட்டிய கஸ்பாருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஆனால் ஸ்டெல்லாவில் பெனிட்டா ஒரு சட்டம் வைத்திருந்தாள். டிங்கியை ஏற்றிக் கட்டியவர் அதை இறக்கக் கூடாது. வேறு கைதான் இறக்க வேண்டும். ஏன் என்று அவள் சொன்னதில்லை. இன்ஜின் டிரைவர் சூசை வந்த புதிதில் ஒருமுறை கேட்டு, இரண்டு நாள் கப்பலின் அடிப்பக்கத்தைச் சுரண்டினான். பிறகு அவன் கேட்கவில்லை.

அன்றே கஸ்பார் டிங்கியை ஏற்றினார். பட்டைகளைப் போட்டார். பட்டையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தோணியிலிருந்து கொண்டுவந்திருந்த தன் கயிற்றை எடுத்து, மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, அவர் கைக்கு மட்டுமே தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டார். புயல் வந்தாலும் ஸ்டெல்லா போகுமே தவிர டிங்கி போகாது. கட்டியதை நாலு பக்கமும் சுற்றிவந்து தட்டித் தட்டிப் பார்த்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் இறக்கச் சொல்லிச் சூசையை அனுப்பினாள் பெனிட்டா. கயிறு இரவுப் பனியில் நனைந்து இறுகியிருந்தது. சூசை விரலால் பார்த்தான், பல்லால் பார்த்தான், ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தான். கடைசியில் முடிச்சின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏல, தள்ளு" என்று கஸ்பார் போனார். பெனிட்டா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஏத்தினவரு இறக்கக் கூடாது அண்ணே."

"அவனுக்கு முடிச்சு தெரியாதது என் தப்பா, கேப்டன்?"

பெனிட்டா படிக்கட்டைக் காட்டினாள். "ஒரு டீ போட்டுக் கொண்டு வாங்களேன்" என்றாள்.

கஸ்பார் கீழே சமையலறைக்குப் போனார். ஸ்டெல்லாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அடுப்புப் பக்கத்திலேயே லைட்டர் தொங்கியது. அதற்கு மேல் கை போகிற உயரத்தில் டீத்தூள், அதை எடுத்தால் பின்னால் சீனி. வடிகட்டி கெட்டிலின் மூக்கிலேயே மாட்டியிருந்தது. டீயோடு மேலே வந்தார்.

"டீத்தூள் எங்க இருக்குன்னு யார்கிட்ட கேட்டீங்க?" என்றாள் பெனிட்டா.

"யார்கிட்டயும் கேக்கல."

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"டீ நல்லா இருக்கு, அண்ணே."

கஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ நன்றாக இருந்ததில் சந்தோஷம்தான். அதற்கும் முடிச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று சூசையிடம் கேட்டார். சூசை இன்னும் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "எனக்கும் ஒரு டீ கொண்டு வந்திருக்கலாம்" என்றான்.

அதோடு கஸ்பார் தன் கயிற்றைக் கைவிட்டார். இனி வெறும் பட்டைதான் என்று முடிவு செய்தார். அடுத்து டிங்கியை ஏற்றியபோது கட்டுவதைவிடப் பாதுகாப்பதில்தான் அவர் கவனம் போனது. எதையும் கண்ட இடத்தில் போடுகிறவன் உருப்பட மாட்டான் என்பது அவர் கட்சி. தக்கையைப் பிடுங்கினார். அது கட்டைவிரல் அளவுதான். இதை இங்கே வைத்தால் உருண்டு போகும், அங்கே வைத்தால் எவனாவது எடுத்துப்போவான் என்று யோசித்து, சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. தக்கையோடு பூசைக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து முதலாளியின் மச்சினர் குடும்பம் மணல்திட்டில் குளிக்க வேண்டும் என்று வந்து நின்றது. சூசை பட்டைகளை நொடியில் கழற்றிவிட்டான். தக்கையைத் தேடினான். டிங்கிக்கு உள்ளே தேடினான், அடியில் தேடினான், கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். கடைசியில் சமையலறைக்கு ஓடி ஒரு காரட்டை எடுத்துச் செதுக்கி ஓட்டையில் அடித்து இறக்கினான். மச்சினர் குடும்பம் காரட்டின் தயவில் மணல்திட்டுக்குப் போய் வந்தது. கணுக்கால் வரை தண்ணீர் ஏறியிருந்தது. பிள்ளைகள் அதில் கால் அடித்துக் கூத்தாடினார்கள். மச்சினர், இதுவும் ஏற்பாட்டில் சேர்த்தி என்று நினைத்துச் சூசையைப் பாராட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கஸ்பார் வந்ததும் பெனிட்டா அந்தக் காரட்டை அவர் கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"தக்கை."

கஸ்பாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பொத்தான் போட்டபடியே இருந்தது. முகம் கறுத்துவிட்டது.

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன், கேப்டன்."

"ஆமா. தக்கை பத்திரமாத்தான் இருந்துச்சு."

"நான் இல்லாத நேரம் பாத்து இறக்கினா நான் என்ன செய்ய முடியும்?"

"காரட் இருந்துச்சே" என்றாள் பெனிட்டா. "இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு."

சூசை இன்ஜின் அறைக்குள் போய்ச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மேல்தட்டு வரை கேட்டது. கஸ்பாருக்கு அவமானமாக இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டே நாள். சிலுவைத்துறையில் வள்ளக்காரர்கள் எல்லாம் வீலைத்தான் பார்ப்பார்கள். அங்கே பெனிட்டா நின்று, இவர் பின்னால் கைகட்டி உட்கார்ந்து போனால், வாழ்நாள் முழுக்கச் சம்பந்தி வீட்டில் தலை நிமிர முடியாது.

மீசையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்களே சொல்லிருங்க. எப்படிக் கட்டினா சரி?"

"வீட்டுக்குப் போங்க அண்ணே."

"கோவமா?"

"இல்ல. வீட்டுக்குப் போங்க. கல்யாண வீட்டுல வேலை இருக்காதா?"

வேறு வழியில்லாமல் போனார். வழியெல்லாம் கேப்டனைத் திட்டிக்கொண்டே போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் காது கேட்காத தூரம் வந்தபிறகு திட்டினார்.

வீட்டில் ஜெசிந்தா சமையலறையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். அலமாரியில் இருந்தது எல்லாம் தரையில் கிடந்தது. கையில் மருதாணி இட அத்தைகள் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டுக்கு ஸ்டூலில் ஏறி மேல்தட்டுச் சாமானை எல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுத? நாளைக்கழிச்சு கல்யாணம்."

"கொஞ்சம் மாத்தி வைக்கேன்ப்பா."

"நல்லாத்தான இருந்துச்சு?"

"எனக்கு நல்லா இருந்துச்சு" என்றாள். "நீங்க போய் உக்காருங்க. இல்லாட்டி ஒரு டீ போடுங்க. அத்தமாருக்கும் சேத்து."

கஸ்பார் அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். மகள் தலையெடுத்த நாளிலிருந்து அந்த அடுப்பு அவளுடையது. லைட்டர் அவர் வலது கைப் பக்கம் ஆணியில் தொங்கியது. நேற்று வரை அது இடது பக்கம் இருந்தது. தோள் வலியால் அவர் இடது கையைத் தூக்க மாட்டார். டீத்தூளும் சீனியும் மேல்தட்டிலிருந்து இறங்கி மார்பு உயரத்துக்கு வந்திருந்தன. புளியும் மிளகாய்த்தூளும் கருவாட்டு டப்பாவும் வரிசையாக முன்னால் நின்றன. வடிகட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தை எடுத்தபோது அது உள்ளேயே இருந்தது.

டீ கொதித்தது. டம்ளர்களில் ஊற்றப்போன கை அப்படியே நின்றுவிட்டது. யாரையும் எதையும் கேட்காமலே டீ போட்டிருந்தார்.

"என்னப்பா? சீனி காணலையா?" என்று ஸ்டூலின் மேலிருந்து கேட்டாள் ஜெசிந்தா.

"எல்லாம் இருக்கு" என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயை ஆற்றோ ஆற்று என்று ஆற்றினார். டீ பச்சைத்தண்ணியாக ஆறிப்போய் அத்தைகளிடம் வந்து சேர்ந்தது. கல்யாண வீடு என்பதால் அவர்கள் அதையும் குடித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஸ்டெல்லாவுக்கு வந்தார். ஏற்கெனவே மேலே இருந்த டிங்கியை அவிழ்த்து, திரும்பவும் முதலிலிருந்து கட்டினார். இந்தத் தடவை தாங்கிக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தார். அது யார் கை என்று அவர் நினைத்துக்கொண்டாரோ தெரியாது. கை போய்த் தொட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தார். இரண்டு பட்டைகளின் பூட்டும் தட்டின் நடைபாதைப் பக்கமே வரும்படி திருப்பிப் போட்டார். முன்கயிற்றைச் சுருட்டி மேலாக வைத்து அதன் நுனியை வெளியே விட்டார். மோட்டாரை ஸ்டார்ட் பண்ண இழுக்கும் பிடியில் சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றைச் சுற்றி வைத்தார்; அதை மாட்டாவிட்டால் மோட்டார் ஓடாது.

தக்கை மிஞ்சியது. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு நூலில் கட்டிக் கிரேனின் கொக்கியிலேயே தொங்கவிட்டார்.

சூசை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நாளைக்கு எப்படி இறக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கல்யாணத்துல நான் மாட்டிக்கிடக் கூடாது."

"சொல்ல மாட்டேன்ல" என்றார் கஸ்பார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

வழக்கமாகக் கட்டி முடித்த பிறகும் நாலு சுற்றுச் சுற்றித் தட்டிப் பார்ப்பார். அன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பூக்கடைக்குப் போய்விட்டார். பெனிட்டா அதைக் கவனித்தாள்.

கல்யாணத்தன்று கடல் நல்ல மனசோடு இருந்தது. ஸ்டெல்லாவின் கம்பிகளில் எல்லாம் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். வெள்ளைப் பட்டுச் சேலையும் தலையில் மெல்லிய வலையுமாக ஜெசிந்தா மேல்தட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அத்தைகளும் சித்திமார்களும் முறுக்கைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். ஒரு சித்திக்கு மட்டும் முதலாளியின் வியாதி. அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பாடினாள்.

கஸ்பார் பட்டு வேட்டியில் படிக்கட்டின் ஓரமாக நின்றார். வீலில் பெனிட்டா நின்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சிலுவைத்துறைக் கோயில் கோபுரம் தெரிந்ததும் பெனிட்டா திரும்பினாள்.

"அண்ணே, வாங்க. வீலப் பிடிங்க."

கஸ்பாருக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம் வந்தது. "டிங்கிய இன்னும் யாரும் இறக்கிப் பாக்கலையே, கேப்டன்."

"பாக்காமலா இருக்கப் போறாங்க?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீலைப் பிடித்தார். கரையில் இழுத்து ஏற்றிய வள்ளங்களின் மேல் ஆட்கள் நின்றார்கள். யாரோ கையைக் காட்டி, "தண்டல்தான் நிக்காரு" என்று கத்தியது காற்றில் வந்தது. பேண்டு செட்டு தொடங்கியது. வெடி வெடித்தார்கள். நிச்சயப் பந்தியில் கேட்டவர் தலைத் துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். கஸ்பாரின் மீசை பழைய உயரத்துக்கு ஏறியது.

கரைக்கு முன்னால் அடியில் பாறை. நங்கூரம் போட முடியாது. வீலில் நிற்கிறவர் இன்ஜினைக் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து, நீரோட்டம் தள்ளிவிடாமல் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். கண்ணை முன்னாலிருந்து எடுக்க முடியாது.

"சூசை, டிங்கிய இறக்கு" என்றார் கஸ்பார்.

"சூசை கயித்த மட்டும் பிடிப்பான்" என்றாள் பெனிட்டா. "அவன் தினமும் இறக்குத ஆளு. இன்னைக்கு வேற கை வேணும்."

"வேற யாரு இருக்கா?"

"நான் இறக்குதேன்" என்றது ஜெசிந்தாவின் குரல்.

கஸ்பார் திரும்பிவிட்டார். ஸ்டெல்லா உடனே பக்கவாட்டில் நழுவியது.

"வீல்ல நிக்கிறவரு முன்னால பாக்கணும்" என்றாள் பெனிட்டா.

முன்னால் பார்த்தார். முதுகு முழுக்கக் காதானது. டிங்கி அவருக்குப் பின்னால் ஏழெட்டு அடியில்தான் இருந்தது. ஆனால் அங்கே அவர் போக முடியாது. தக்கையை மாட்டாமல் இறக்கினால் அதில் ஏறி உட்காரப் போவது கல்யாணப்பெண். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஒரு வார்த்தைதான். 'தக்கை' என்றால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டார். தோணியில் புயலைப் பார்த்தவர்தான். ஆனால் இப்படி வாயை மூடிக்கொண்டு நின்ற பழக்கம் அவருக்கு இல்லை.

பின்னால் அத்தைகளின் பாட்டு நின்றுவிட்டது. சேலை முந்தியை இடுப்பில் செருகும் சத்தம் கேட்டது, வளையல் சத்தமும் கேட்டது. 'டக்' என்று ஒரு பட்டை விட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கஸ்பார் இன்ஜினைக் கொஞ்சம் கூட்டினார், கொஞ்சம் குறைத்தார்.

கிரேனின் கொக்கியை இழுக்கும் சங்கிலிச் சத்தம் வந்தது. உடனே ஜெசிந்தா சிரித்தாள்.

"இது இங்க தொங்குதா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தக்கை ஓட்டைக்குள் போய்த் திருகுவது அவருக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்டது என்று அவர் பிற்பாடு எத்தனை பேரிடம் சத்தியம் செய்தாலும் சரி. பிறகு கிரேன் முனகியது. டிங்கியின் நிழல் அவர் வலது பக்கமாக நகர்ந்து, கம்பியைத் தாண்டி, கடலுக்கு மேல் போய் நின்றது. மெதுவாக இறங்கியது. தண்ணீர் 'சளக்' என்றது.

"உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்லண்ணே" என்று டிங்கிக்குள் குதித்த சூசை கீழிருந்து கத்தினான். அவனுக்கு அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே கத்தாகக் கத்திவிட்டான். மோட்டார் முதல் இழுப்பிலேயே உயிர் பெற்றது. அத்தைகள் குலவையிட்டார்கள். எலுமிச்சம்பழச் சித்தி பழத்தையே கடலில் வீசிவிட்டாள்.

முதல் நடையில் கல்யாணப்பெண்ணும் இரண்டு அத்தைகளும் ஏறினார்கள். அப்பா இல்லாமல் பூசை தொடங்காது, அவர் அடுத்த நடையில் வந்துவிடுவார். அவ்வளவுதான் பிரிவு. ஆனாலும் டிங்கி ஸ்டெல்லாவை விட்டு விலகியபோது கஸ்பார் வீலை இறுகப் பிடித்துக்கொண்டார். டிங்கியின் முன்பக்கம் உட்கார்ந்து, வலை காற்றில் பறக்க, ஜெசிந்தா கையை அசைத்தாள். கரை முழுக்க அவளைப் பார்த்துச் சத்தம் போட்டது. இப்போது யாரும் வீலைப் பார்க்கவில்லை. அதைக் கஸ்பாரும் கவனிக்கவில்லை.

பெனிட்டா பக்கத்தில் வந்து வீலுக்குக் கை கொடுத்தாள். அவர் விட்டுக்கொடுத்தார். பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

"அவளா இறக்கிட்டா, கேப்டன்" என்றார். "எது எங்க இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

பெனிட்டாவின் இரண்டு கைகளும் வீலில் இருந்தன. டிங்கி மணலைத் தொடும் வரை அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ நல்லா இருக்கு, அண்ணே" என்றாள்.